பெருங்குடலுக்காகக் கொய்யா: எப்படி வாங்குவது, எப்படிச் சாப்பிடுவது

பெருங்குடல் புற்றுநோய் வராமல் இருக்க எந்தப் பழம் நல்லது என்று கேட்டால் நான் கொய்யாவைத்தான் சொல்வேன். அகாய், மங்குஸ்தான் என்று விலை கூடிய பெயர்களைத் தேடி அலைய வேண்டாம். பழனி பக்கத்து ஆயக்குடியிலிருந்து கூடை கூடையாக வருகிறதே, அந்தக் கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சுப் பழத்தைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. சிவப்புக் கொய்யா என்றால் தக்காளிக்கு நிறம் தரும் லைகோபீனும் கூடவே கிடைக்கும்.

ஆனால் குடலுக்கு உண்மையில் பெரிய துணை அதிலிருக்கும் நார்ச்சத்துதான், 100 கிராமுக்கு 5 கிராமுக்குக் குறையாது. நம்மால் செரிக்க முடியாத அந்த நாரைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து பியூட்டிரேட் என்ற பொருளை உண்டாக்குகின்றன, குடலின் உள்சுவரில் இருக்கும் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். மலமும் தேங்காமல் நகரும். நார்ச்சத்துள்ள உணவு இந்தப் புற்றுநோயின் வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்பதற்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது, வைட்டமின் சி, லைகோபீன் போன்ற, செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் ஆன்டிஆக்ஸிடன்டுகளுக்கு அந்த அளவுக்கு இல்லை. வாய்ப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். வந்துவிட்ட நோயை எந்தப் பழமும் குணப்படுத்தாது.

சரி, வாங்கும்போது செங்காயாகப் பார்த்து எடுங்கள். கரும்பச்சையாகக் கல்போல இருப்பது துவர்க்கும், மலத்தையும் இறுக்கும். வெளிர்பச்சையில் லேசாக மஞ்சள் ஓடி, மூக்கருகே கொண்டுபோனால் மணம் வந்தால் சரியான பதம். பழத்தைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள்: ஊசி குத்தியதுபோல ஒரு சின்னக் கரும்புள்ளி, அதைச் சுற்றித் தொட்டால் மெத்தென்று அமுங்குகிறது என்றால் பழ ஈ முட்டையிட்டிருக்கிறது, நறுக்கினால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும்.

ஓடும் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், தோலைச் சீவாதீர்கள், தோலிலும் அதை ஒட்டிய சதையிலும்தான் வைட்டமின் சி அதிகம். காலையில் நறுக்கி டப்பாவில் அடைத்து மாலை வரை வைத்தால் அது குறைந்துகொண்டே போகும், அதனால் சாப்பிடும் நேரத்தில் நறுக்குங்கள். நாளைக்கு நடுத்தரமாக ஒன்று போதும். நார்ச்சத்து பழகாத வயிறு என்றால் முதல் வாரம் பாதிப் பழம், அப்புறம் முழுப் பழம், தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். மதியம் கீரையோ கேழ்வரகோ சாப்பிடும் நாளில் கூடவே கொய்யாவும் சாப்பிட்டால் அவற்றிலுள்ள இரும்புச்சத்து நன்றாகச் சேரும். விதையை அப்படியே விழுங்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், குடல் அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், குடல் அடைப்பு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வடிகட்டிய ஜூஸ் வேண்டாம். எந்த நாருக்காகப் பழத்தை வாங்கினோமோ அதைச் சக்கையோடு வீசிவிட்டுச் சர்க்கரையைக் குடிக்கிறோம். ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும் வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய ஆய்வு 1994-இல் வெளிவந்தது: பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. குடல் புற்றுநோய்களைத் தடுக்க இத்தகைய மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பாதுகாப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வாட்ஸ்அப்பில் சுற்றும் முள் சீத்தா செய்திதான். புற்றுநோய் செல்களைக் கொல்வதில் அந்தப் பழம் கீமோ மருந்தைவிடப் பல ஆயிரம் மடங்கு வலிமையாம். ஆய்வுக்கூடத் தட்டில் உள்ள செல்களில் நடப்பது மனித உடலிலும் நடக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது. கரீபியக் கடலில் இருக்கும் குவாதலூப் தீவில், அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக எடுத்தவர்களிடையே பார்கின்சன் போன்ற நடுக்க நோய் அதிகம் காணப்பட்டதை 1999-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து.

கொய்யா சாப்பிடுகிறோமே என்று மற்றதை விட்டுவிடவும் கூடாது. சாசேஜ், பேகன் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இலேயே வகைப்படுத்திவிட்டது. மதுவும் புகையும் தொப்பையும் அதே பக்கம்தான் இழுக்கும்.

மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு மருந்துக் கடையில் களிம்பு வாங்குவது நம்மிடையே ரொம்பச் சாதாரணம். ரத்தம், பல வாரமாக மாறிப்போன மலப்போக்கு, காரணம் தெரியாத ரத்தசோகை, எடை இழப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் வயது குறைவு என்று பார்க்காமல் குடல் மருத்துவரிடம் போங்கள், கொலோனோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) வேண்டுமா என்று கேளுங்கள். இந்த நோய் பெரும்பாலும் குடலின் உள்சுவரில் வளரும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியில் தொடங்கிப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது, பாலிப்பை அந்தப் பரிசோதனையின்போதே அகற்றிவிடலாம். அறிகுறி இல்லாதவர்களுக்கு அமெரிக்காவில் 45 வயதிலிருந்து பரிசோதிக்கச் சொல்கிறார்கள். வீட்டில் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது இளவயதில் வந்திருந்தால் அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பே தொடங்க வேண்டும். அப்பாவுக்கு 48-இல் கண்டுபிடித்தார்கள் என்றால் பிள்ளைகள் 38-இல்.