நோய் அல்லது உடல் இயலாமைக்காகப் பெனிபிட் (அரசு தரும் உதவிப்பணம்) எடுத்துக்கொண்டு இடைக்கிடை வேலை செய்யலாமா? (இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு)

செய்யலாம். ஒரு நாள் வேலைக்குப் போனாலும் எல்லாக் காசையும் நிறுத்திப்போடுவார்கள் என்று பயந்து வீட்டிலேயே இருப்பவர்களும் இருக்கிறார்கள், யாருக்கும் சொல்லாமல் சனி ஞாயிறு கடையில் டில்லில் நின்று காசைக் கையில் வாங்குபவர்களும் இருக்கிறார்கள், இரண்டு பேரும் இதை வாசிக்க வேண்டும்.

முதலில் உங்களுக்கு வருவது எது என்று கடிதத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. கீழே வரும் தொகைகள் 2025-26க்கு உரியவை, ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும்.

பிப் (PIP, நோயாலோ இயலாமையாலோ வரும் கூடுதல் செலவுக்கான பணம்) என்றால் வருமானத்தையே பார்ப்பதில்லை, முழுநேர வேலை செய்தாலும் வரும். ஆனால் படிவத்தில் ஐந்து நிமிடம் நிற்க முடியாது என்று எழுதிவிட்டு நாள் முழுக்க நிற்கும் வேலைக்குப் போனால் அடுத்த ரிவியூவில் கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள்.

ஈஎஸ்ஏ (ESA, நோயாலோ இயலாமையாலோ வேலை செய்வது கஷ்டமானவர்களுக்கான பணம்) எடுப்பவர்கள்தான் கூடக் கவனமாக இருக்க வேண்டும். கிழமைக்கு 16 மணித்தியாலத்துக்குக் குறைவாக, 195.50 பவுண்ஸ் வரை உழைக்கலாம், இதற்குப் பெயர் பெர்மிட்டட் வொர்க். மணித்தியாலத்துக்கு 12.21 என்ற அடிப்படைச் சம்பளத்தில் 15 மணித்தியாலம் செய்தால் 183 பவுண்ஸ் சொச்சம், பிரச்சினையில்லை. அதுவே டியூஷன் கொடுத்து மணித்தியாலத்துக்கு 20 வாங்கினால் 9 மணித்தியாலத்தோடு நிறுத்த வேண்டும். எல்லையைத் தாண்டினால் கொஞ்சமாக வெட்டுவதில்லை, அந்தக் கிழமைக்கான காசு முழுவதுமே போகக்கூடும். அதனால் முதலாளி "இந்தக் கிழமை மட்டும் ஒரு ஷிப்ட் கூடச் செய்யுங்கோ அண்ணை" என்று கேட்டால் ஏலாது என்று சொல்லிவிடுங்கள். வேலை தொடங்கும்போதே பெனிபிட் அலுவலகத்துக்கு அறிவித்து, பிடபிள்யூ1 என்ற படிவத்தையும் நிரப்பி அனுப்புங்கள்.

யூனிவர்சல் கிரெடிட்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கு மாதாமாதம் வரும் பணம்) மணித்தியாலக் கணக்கு இப்படி இல்லை. உங்கள் உடல்நிலை வேலைக்குத் தடையாக இருப்பதாக அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தால், மாதம் 411 பவுண்ஸ் வரை உழைப்பதைத் தொடமாட்டார்கள், வீட்டு வாடகைக்கான பங்கு அதில் வராதவர்களுக்கு 684. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள். அதாவது வாடகைப் பங்கு எடுப்பவர் ஒரு மாதம் 511 உழைத்தால் 55 பவுண்ஸ் குறையும், மிச்சம் உங்களுக்குத்தான். நட்டமே இல்லை.

ரோல்ஸ், பற்றீஸ் ஓடர் எடுப்பது, தையல், மணப்பெண் மேக்கப், இதெல்லாமும் வேலைதான். "வருசத்துக்கு ஆயிரம் பவுண்ஸ் வரை சொல்லத் தேவையில்லையாம்" என்று பலர் நம்புகிறார்கள். அந்த ஆயிரம் வருமான வரிக் கணக்குக்கு மட்டும், பெனிபிட்டுக்கு இல்லை. யூனிவர்சல் கிரெடிட் எடுத்தால் மாதாமாதம் வரவையும் செலவையும் சொல்ல வேண்டும், மாவும் எண்ணெயும் வாங்கின ரசீதை எறியாதீர்கள்.

பதிவில்லாமல் கையில் வாங்கும் காசைப் பற்றி நேராகவே சொல்கிறேன்: வேண்டாம். பிடிபட்டால் முழுவதையும் திருப்பிக் கேட்பார்கள், மோசடி என்று வழக்கும் வரலாம். சட்டப்படி செய்தாலே பெரும்பாலும் காசு மிஞ்சும்போது இந்த வில்லங்கம் எதற்கு?

ஆங்கிலம் கஷ்டம் என்றால் போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பேசிய திகதியையும் ஆளின் பெயரையும் குறித்துவையுங்கள், பே ஸ்லிப்பைப் படம் எடுத்துவையுங்கள். கவுன்சில் டாக்ஸ் (கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரி) தள்ளுபடி எடுத்தால் கவுன்சிலுக்குத் தனியாக அறிவிக்க வேண்டும். அப்புறம், உங்களைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டில் ஒருவர் கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்தால் அவருடைய உழைப்புக்குக் கிழமைக்கு 196 பவுண்ஸ் என்று வேறொரு எல்லை இருக்கிறது, அவருடைய கணக்கை உங்களுடையதோடு போட்டுக் குழப்பாதீர்கள்.

பஸ்ஸில் போக முடியாததால்தான் வேலைக்குப் போகவில்லை என்றால் அக்சஸ் டு வொர்க் என்ற அரசு உதவித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். டாக்சிச் செலவுக்கும் விசேஷ நாற்காலிக்கும் அதில் உதவி கிடைக்கும், திருப்பிக் கட்டத் தேவையில்லை. பதில் வர நாளெடுக்கும், வேலை உறுதியானதும் போட்டுவிடுங்கள்.