குழந்தையின் தலையில் மெஷின் படும் முன்

22 ஆண்டுகளாக முடி திருத்துகிறேன். குழந்தையோடு வரும் பெற்றோர் முதலில் மெஷினின் பிளேடைப் பார்க்க வேண்டும். பற்களுக்கிடையில் முன்பு வந்தவரின் முடி ஒட்டியிருந்தால் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். தலையில் படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை, உதிர்ந்த முடியிலும் செதிலிலும் நெடுநாள் உயிரோடு இருக்கும்.

தொழிலில் இருப்பவர்களுக்கு: துணியால் துடைப்பது சுத்தமாகாது. மெஷினை அணைத்து, பிளேடைக் கழற்றி, பிரஷால் முடியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முழுதாக நீக்குங்கள். பிசுக்கு இருக்கும் வரை கிருமிநாசினி உள்ளே இறங்காது. பிறகு, பூஞ்சையைக் கொல்லும் என்று லேபிளில் குறிப்பிட்ட கிருமிநாசினியில், அதில் சொன்ன நிமிடங்கள் முழுவதும் நனைந்திருக்கட்டும். அவசரத்தில் எல்லோரும் குறைப்பது இந்த நேரத்தைத்தான். நன்றாக உலர்ந்தபின் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சீப்பை முதலில் சோப்பு நீரில் கழுவி, பிறகு கிருமிநாசினியில் ஊறவையுங்கள். போர்த்தும் துணி ஒவ்வொரு தலைக்கும் புதிது.

ஒருமுறை ஆறு வயதுச் சிறுவனை அழைத்து வந்தார்கள். பொடுகு என்று நினைத்து மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். உச்சியில் வட்டமாகச் செதில்; முடி தோலோடு முறிந்து கரும்புள்ளிகளாக நின்றது; பின்கழுத்தில் நெறி கட்டியிருந்தது. படர்தாமரையாக இருக்கும் என்று தோன்றியது; புழுவெட்டாக இருந்தால் அந்த இடம் பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும். நான் மெஷினை எடுக்கவே இல்லை. மொட்டையடித்தால் சரியாகிவிடும் என்றார் தந்தை. ஆகாது, தோல் மருத்துவரிடம் போங்கள் என்று அனுப்பினேன்.

பூஞ்சை முடியின் வேருக்குள் இறங்கிவிடுவதால் களிம்பு மட்டும் அங்கே எட்டாது. மருத்துவர் செதிலைச் சுரண்டிச் சோதித்து, பல வாரங்களுக்கு உள்மருந்து கொடுப்பார். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். பூஞ்சைக்கான ஷாம்பு தந்தால், அது பிறருக்குப் பரவுவதைக் குறைக்கத்தான், மாத்திரைக்கு மாற்றாகாது. மெத்தென்று வீங்கிச் சீழ் வடிந்தால் கீறவோ பிதுக்கவோ வேண்டாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். விட்டால் அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகலாம். வீட்டில் மற்றக் குழந்தைகளின் தலையையும், முடி கொட்டும் பூனை, நாய் இருந்தால் அவற்றையும் பாருங்கள்.

அந்தச் சிறுவன் இரண்டு மாதம் கழித்து வந்தான். கரும்புள்ளிகள் இருந்த இடத்தில் முடி அரும்பியிருந்தது. பிளேடை அவன் தந்தையிடம் காட்டிவிட்டு வெட்டத் தொடங்கினேன்.