முடிவுக் கோட்டிலிருந்து பின்னோக்கி: டர்போ டிராக் காருக்குக் கிரவுன் பினியன் தேர்வு

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்து ஏற்றங்களில் ஜீப் ஏறுவதைப் பார்த்துப் பழகியவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கும்: கிரவுன் பினியன் எண் (பின் ஆக்ஸிலில் உள்ள இந்தப் பற்சக்கர ஜோடியில், கிரவுனின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்தது) கூடினால் இழுவை கூடும். அது பொய்யில்லை. பழைய வில்லிஸ் ஜீப்பில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8 பல், அதாவது 5.38. சிறிய எஞ்சினை வைத்துக்கொண்டு பாரத்தோடு மேடேற அதுதான் சரி. அதே நினைப்போடு டிராக் (drag) பந்தயத்தில், அதாவது 402 மீட்டர் நேர்ப்பாதையில் ஓடும் டர்போ காரில் கை வைத்தால், வண்டி புறப்படும்போது டயரைப் புகைத்துவிட்டு, கோடு வருவதற்குள் ஆர்.பி.எம். தீர்ந்து நிற்கும். டிராக் காருக்கு விகிதத்தைப் புறப்படும் இடத்தில் பார்க்கக் கூடாது. முடிவுக் கோட்டில் வண்டி என்ன வேகத்தில், எந்தக் கியரில், எத்தனை ஆர்.பி.எம்.மில் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பின்னோக்கி வர வேண்டும்.

முதலில் வேண்டியது கோட்டைத் தாண்டும் வேகம். ஏற்கெனவே ஓடிய டைம் ஸ்லிப் (ஓட்ட நேரமும் வேகமும் அச்சிட்ட சீட்டு) கையில் இருந்தால் அதில் உள்ள வேகமே போதும். எந்தச் சூத்திரமும் அதற்கு ஈடாகாது. இல்லையென்றால் குதிரைத்திறனை ஓட்டுநரோடு சேர்த்த எடையால் (கிலோவில்) வகுத்து, வருவதற்குக் கனமூலம் எடுத்து, 289ஆல் பெருக்குங்கள். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஏறக்குறைய வரும். 300 குதிரைத்திறன், 1100 கிலோ என்றால் 0.2727, அதன் கனமூலம் 0.648; பெருக்கினால் 187 கி.மீ. இது எஞ்சினில் அளந்த திறனுக்கான கணக்கு. டைனோவில் (திறன் அளக்கும் கருவியில்) சக்கரத்தில் அளந்த எண் மட்டும் இருந்தால் பின்சக்கர வண்டிக்கு 15 சதவீதம் போலக் கூட்டிக்கொள்ளுங்கள். எடையை மட்டும் ஊகிக்காதீர்கள். எடைமேடையில் ஏற்றினால் ஐந்து நிமிட வேலை.

அடுத்தது டயரின் சுற்றளவு. 205/60 ஆர் 15 டயருக்குக் காகிதக் கணக்கில் விட்டம் 627 மி.மீ., சுற்றளவு 1.97 மீட்டர். ஆனால் பாரம் இறங்கியதும் டயர் நசுங்கும். ஓடும் காற்றழுத்தத்தில், ஓட்டுநர் உட்கார்ந்திருக்க, டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று தள்ளி, தரையில் டேப் வைத்து அளக்க வேண்டும். இங்கே 1.91 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லிக் டயர் (பள்ளக்கோடு இல்லாத பந்தய டயர்) போடுவதாக இருந்தால் அந்த டயரிலேயே அளந்தாக வேண்டும். 26 அங்குல (660 மி.மீ.) ஸ்லிக்குக்கு மாறினால் விட்டம் 5 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, 4.10 போட்ட வண்டி 3.90 போட்டதுபோல நடந்துகொள்ளும். ரேடியல் இல்லாத பயாஸ் ஸ்லிக் என்றால் வேகம் ஏற ஏற அது இன்னும் விரியும். அளந்த எண்ணை அப்படியே நம்பி ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, கோட்டில் எத்தனை ஆர்.பி.எம். என்பது. உச்ச திறன் வரும் இடத்தைச் சற்றுத் தாண்டி, ரெட்லைனுக்கு (எஞ்சினுக்கு அனுமதித்த உச்ச ஆர்.பி.எம்.முக்கு) 200 முதல் 300 வரை கீழே வைப்பது வழக்கம். உச்ச திறன் 6500, ரெட்லைன் 7000 என்றால் 6700. அந்த இடைவெளி வீணில்லை. நம் ஊர் உப்பங்காற்றில், நண்பகல் வெயிலில் டியூன் செய்த வண்டி, வேறு ஊரில் குளிர்ந்த விடிகாலையில் ஓடும்போது கூடுதலாகவே இழுக்கும். பின்னாலிருந்து காற்று தள்ளினாலும் வேகம் ஏறும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் நின்றவருக்குக் காற்று என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி கணக்கு. ஆர்.பி.எம்.மைச் சுற்றளவால் பெருக்குங்கள். வேகத்தை 16.667ஆலும், கோட்டைத் தாண்டும் கியரின் விகிதத்தாலும் பெருக்குங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிரவுன் பினியன் விகிதம். நான்காவது கியர் 1.00 என்றால்:

6700 × 1.91 ÷ (187 × 16.667 × 1.00) = 4.10

கோட்டை நேர்க் கியரில், அதாவது 1.00இல் தாண்டுவது நல்லது. பெரும்பாலான பின்சக்கர கியர்பாக்ஸ்களில் அந்தக் கியரில்தான் இழப்பு மிகக் குறைவு. ஐந்தாவதுக்கு மாற்றினால் ஒரு மாற்றம் கூடுதல். மாற்றும் நேரத்தில் பூஸ்ட்டும் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) விழும்.

விடை 4.10 என்று வந்துவிட்டதே என்று உடனே ஆர்டர் போட வேண்டாம். பக்கத்து எண்களையும் போட்டுப் பாருங்கள். 4.56 போட்டால் நான்காவதில் 7000 ஆர்.பி.எம்.முக்கு வண்டி 176 கி.மீ.தான் தொடும், கோட்டுக்கு முன்பே ஆர்.பி.எம்.மைத் தடுக்கும் லிமிட்டரில் தட்டும். 3.73 போட்டால் கோட்டில் 6090 போல நிற்கும். உச்ச திறனைத் தொடாமலே ஓட்டம் முடிந்துவிடும். ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் பூஸ்ட்டைக் கூட்டி 350 குதிரைத்திறன் ஆக்கும் எண்ணம் இருந்தால் வேகம் 197 ஆகும். அப்போது 4.10க்கு 7050 வேண்டும், ரெட்லைனைத் தாண்டிவிடும். 3.90 போட்டால் 6700இல் சரியாக உட்காரும். எஞ்சின் வேலை முடியாத வண்டிக்கு 3.90ஐ இப்போதே போட்டுவிடுவது புத்திசாலித்தனம். இரண்டு தடவை ஹவுசிங்கைப் பிரிக்கும் கூலியை மிச்சப்படுத்தலாம்.

டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் என்றால், லாக் ஆகாத கன்வெர்ட்டர் கோட்டிலும் 5 முதல் 8 சதவீதம் வழுக்கும். எஞ்சின் அவ்வளவு கூடச் சுற்றும் என்பதால் வந்த விடையை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

டர்போ இல்லாத வண்டியில் எண்ணைக் கூட்டும் பழக்கம் பலன் தருவது ஏன், டர்போவில் ஏன் தராது? பூஸ்ட் ஏற எஞ்சினுக்குச் சுமை வேண்டும், சுமையோடு கொஞ்சம் நேரமும் வேண்டும். குட்டையான, அதாவது எண் கூடிய கியரில் எஞ்சின் சுமையே இல்லாமல் சட்டென்று ரெட்லைனுக்கு ஓடிவிடும்; டர்பைன் வேகம் பிடிப்பதற்குள் முதல் கியர் முடிந்திருக்கும். முதல் கியர் 3.40 உள்ள கியர்பாக்ஸில் 4.56 போட்டால் 7000 ஆர்.பி.எம்.முக்கு 52 கி.மீ.; 4.10 போட்டால் 58, 3.54 போட்டால் 67. அந்தச் சில கிலோமீட்டர் நீளத்தில்தான் பூஸ்ட் முழுதாக வந்து உட்காரும். அதோடு டயர் தாங்காத இழுவை யாருக்கும் உதவாது. ரோட்டு டயரில் முதல் கியர் முழுக்கப் புகைகிறது என்றால் இன்னும் எண்ணைக் கூட்டுவது புகையைக் கூட்டுவதுதான். மாறாக, நல்ல ஸ்லிக்கில் கிளட்ச் விட்டதும் ஆர்.பி.எம். பூஸ்ட் எல்லைக்குக் கீழே விழுந்து வண்டி மூச்சு வாங்கினால், முதலில் புறப்படும் ஆர்.பி.எம்.மைக் கூட்டிப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால்தான் ஒரு படி கூட்டலாம்.

இங்கே அடிக்கடி வரும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கியர் மாற்றும்போது ஆர்.பி.எம். விழுவதைக் கிரவுன் பினியன் மாற்றிச் சரிசெய்ய முடியாது. முதல் கியர் 3.40, இரண்டாவது 2.00 என்றால் 7000இல் மாற்றினால் 4120க்கு விழும். பின்னால் 3.54 இருந்தாலும் 4.56 இருந்தாலும் அதே 4120தான். உங்கள் டர்போ 4500இல்தான் விழிக்கும் என்றால் குறை கியர்பாக்ஸிலோ டர்போ அளவிலோ இருக்கிறது. ஹவுசிங்கைப் பிரிக்காதீர்கள்.

வண்டியில் இப்போது என்ன விகிதம் இருக்கிறது என்று பிரிக்காமலே பார்க்கலாம். எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் ஒரு பின்சக்கரம் தரையில், மற்றது ஜாக்கியில், கியர் நியூட்ரலில். முன்சக்கரங்களுக்கு முட்டு வையுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். நான்கு சுற்றும் கூடவே ஒரு பத்தில் ஒரு பங்கும் என்றால் 4.10. கவர் திறந்தாகிவிட்டால் பல்லை எண்ணிவிடலாம்: 41க்கு 10 என்றால் 4.10, 41க்கு 11 என்றால் 3.73, 39க்கு 11 என்றால் 3.55, 41க்கு 9 என்றால் 4.56.

பழைய சாமான் கடையில் கிரவுனும் பினியனும் தனித்தனியாகக் கிடைத்தால் வாங்க வேண்டாம். இரண்டும் ஜோடியாகச் சேர்த்து அரைத்தவை; ஜோடி எண் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எண் கூடக் கூட பினியன் தலை சிறுத்துப் பல் குறையும், வலுவும் குறையும். அதிக டார்க் தரும் டர்போவுக்கு எண் குறைந்த விகிதத்தால் கிடைக்கும் இன்னொரு லாபம் இது. சில டிஃபரன்ஷியல்களில் ஒரு எல்லைக்கு மேல் கிரவுனைத் தாங்கும் கேரியரே மாறும். டானா 44 என்ற ஆக்ஸிலில் 3.73 வரை ஒன்று, 3.92 முதல் வேறொன்று. பேரம் பேசும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

பூட்டுவதில்தான் பாதி வண்டிகள் கெடுகின்றன. கிரவுன் போல்ட்டுகளைத் திரட்லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போட்டு, குறுக்கும் நெடுக்குமாக, அந்த ஆக்ஸிலுக்கு உரிய டார்க்கில் இறுக்க வேண்டும். பினியனின் நசுங்கும் ஸ்லீவ் எப்போதும் புதியது. நட்டை அதிகமாக இறுக்கிவிட்டால் தளர்த்திச் சமாளிக்காமல் இன்னொரு புது ஸ்லீவ் போடுங்கள். தளர்த்தினால் பேரிங்கின் முன்சுமை (பேரிங்கை ஆடாமல் பிடித்து வைக்கும் அழுத்தம்) போய்விடும். பேக்லாஷை (பற்களுக்கு இடையிலான தளர்வை) டயல் கேஜ் வைத்துக் கிரவுனின் மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும். பெரும்பாலான கார் ஆக்ஸில்களுக்கு 0.13 முதல் 0.20 மி.மீ. கையால் அசைத்து ‘சரியாத்தான் இருக்கு’ என்று விடுவதற்கு இங்கே இடமில்லை. பிறகு பல்லில் குறிப்பசை தடவிச் சுற்றிப் பாருங்கள். தடம் பல்முகத்தின் நடுவில் விழ வேண்டும். அடிவேர்ப் பக்கம் விழுந்தால் பினியன் ஆழமாகப் போயிருக்கிறது. நுனிப் பக்கம் விழுந்தால் விலகி நிற்கிறது. இரண்டுக்கும் மருந்து பினியன் ஷிம்தான் (பினியன் நிற்கும் ஆழத்தை மாற்றும் மெல்லிய தகடு), பேக்லாஷ் அல்ல. தடத்தைப் பார்க்காமல் பூட்டிய பினியன் முதல் சில ஓட்டத்தில் ஊளையிடும், பிறகு பல்லை உதிர்க்கும்.

எண்ணெய் ஜிஎல்-5 தரம், பாரம் அதிகம் என்றால் 85டபிள்யூ-140. தட்டு வகை எல்எஸ்டி இருந்தால் அதற்கான சேர்மானமும் வேண்டும். புதுப் பல்லோடு நேரே புறப்பாட்டுக் கோட்டுக்குப் போகக் கூடாது. 15, 20 நிமிடம் மிதமாக ஓட்டி முழுக்க ஆறவிட வேண்டும். இப்படிச் சில தடவை செய்து, முதல் 800 கி.மீ. வரை முழு பூஸ்ட் கொடுக்காமல் ஓட்டி, எண்ணெயை மாற்றுங்கள். பழைய எண்ணெயில் மெல்லிய வெள்ளித்தூள் மினுங்கினால் பயமில்லை. விரலில் குத்தும் துணுக்கு வந்தால் திறந்து பார்த்தாக வேண்டும்.

மெதுவாக ஓட்டிப் பழக்குவது சாலையில் சரி. முழு பூஸ்ட் ஓட்டத்துக்கு அது இடமில்லை. நாகர்கோவில் நான்குவழிச் சாலை இரவில் காலியாகக் கிடந்தாலும், பொதுச்சாலையில் வேகப் பந்தயம் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற ஓடுதளங்களில் அனுமதியோடு நடக்கும் ஓட்டங்களுக்கு வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள். அங்கே கிடைக்கும் டைம் ஸ்லிப்பின் வேகத்தையும், கோட்டைத் தாண்டிய நொடியில் டேட்டா லாகர் காட்டிய ஆர்.பி.எம்.மையும் மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள். கணக்கில் வருவதைவிட லாகர் 3 சதவீதத்துக்கு மேல் கூடக் காட்டினால் டயரோ கிளட்சோ வழுக்குகிறது. அடுத்து பிரிக்க வேண்டியது ஆக்ஸிலை அல்ல.