பாட்டு ஃபைலை எம்பி3 ஆக்கும்போது வரும் சிக்கல்களும் சரிசெய்யும் வழிகளும்

காரில் போட்டுக் கேட்கலாம் என்று பாட்டுகளை எம்பி3 ஆக்குகிறீர்கள். சில பாட்டு பாடவே மாட்டேன் என்கிறது. சிலது பாடுகிறது, ஆனால் ஒலி மங்கலாக இருக்கிறது. சிலதில் பெயர் வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வருகிறது. உடனே வேறு கன்வெர்ட்டரைத் தேடிப் போகாதீர்கள். பெரும்பாலும் கோளாறு நாம் கொடுத்த மூல ஃபைலிலேயே இருக்கும்.

பாட்டை ஓட்டிப் பார்க்க வி.எல்.சி., மாற்ற ஆடாசிட்டி, பெயர்களைத் திருத்த எம்பி3டேக், பெரும்பாலும் இந்த மூன்றும் போதும். விண்டோஸில் மூன்றும் இலவசம்.

முதலில் ஃபைலுக்குள் இருப்பதைப் பாருங்கள்

மூலப் பாட்டுகளைத் தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு, அதன் நகலில் மட்டும் கை வையுங்கள். அப்புறம் பாட்டை வி.எல்.சி.யில் ஓடவிட்டு, டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷனைத் திறங்கள். கோடெக் (ஒலியைச் சுருக்கிய முறை) பெயரும் சாம்பிள் ரேட்டும் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்தார்கள் என்பது) அங்கே தெரியும். பிட்ரேட் (ஒரு நொடிப் பாட்டுக்கு ஆகும் தரவு) பக்கத்திலேயே இருக்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதியில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபைல் பெயரின் கடைசியில் இருப்பதை நம்ப வேண்டாம். எம்4ஏ என்பது வெளி உறை மட்டுமே. உள்ளே ஏஏசி என்ற கோடெக் இருக்கலாம், ஆப்பிளின் ஏலாக் என்ற கோடெக்கும் இருக்கலாம். யாராவது ரீநேம் செய்து எம்பி3 என்று போட்டிருந்தாலும் உள்ளே பழைய சரக்குதான். போன் அதைச் சமாளித்துப் பாடிவிடும். கார் ஸ்டீரியோ திணறும்.

எம்4பி (m4p) என்று முடிந்தால் அது நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட பாட்டு. ஐடியூன்ஸில் 2009 வரை இப்படி விற்றார்கள். ஸ்ட்ரீமிங் ஆப்களில் ஆஃப்லைனுக்காக இறக்கி வைப்பவையும் இதே வகைதான். இவற்றைச் சாதாரணக் கன்வெர்ட்டரில் போட்டால் பிழைச்செய்திதான் வரும்.

இப்போது மாற்றலாம்

ஆடாசிட்டியில் ஃபைலைத் திறந்து, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆடியோவுக்குப் போங்கள். ஃபார்மட் எம்பி3, சாம்பிள் ரேட் 44,100, பிட்ரேட் கான்ஸ்டன்ட் (மாறாத) முறையில் 192 அல்லது 256 கிலோபிட். விண்டோஸில் எம்4ஏ திறக்கவில்லை என்றால் எஃப்எஃப்எம்பெக் லைப்ரரியைத் தனியாக நிறுவ வேண்டும். ஃபோல்டர் முழுவதையும் மாற்றும் முன் ஒரே ஒரு பாட்டை மாற்றி, அது ஓடவேண்டிய கருவியிலேயே போட்டுப் பாருங்கள்.

ஒலி மங்கலாக இருந்தால்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சிடியில் இருப்பது நொடிக்கு 1,411 கிலோபிட். 4 நிமிடப் பாட்டுக்குச் சுமார் 42 எம்பி ஆகும். அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 4 எம்பிக்குள் அடங்கிவிடும். காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கணித்த பகுதிகளை நீக்குவதால்தான் இந்தக் குறைவு. நீக்கியது நீக்கியதுதான். அந்த 128 ஃபைலை 320 ஆக்கினாலும், ஃபிளாக் (ஒலியில் எதையும் நீக்காமல் சுருக்கும் வகை) ஆக்கினாலும் அளவு கூடுமே தவிர ஒலியின் தரம் கூடாது. கரும்புச் சக்கையை எத்தனை முறை ஆலையில் விட்டாலும் சாறு வராது.

அதைவிட மோசம், எம்பி3-ஐ ஏஏசி ஆக்கி, திரும்ப எம்பி3 ஆக்குவது. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும். எனவே எப்போதும் ஃபிளாக், வேவ் (சுருக்காத ஒலி ஃபைல்) அல்லது சிடியிலிருந்தே மாற்றுங்கள்.

ஃபிளாக் என்று ஒருவர் கொடுத்த ஃபைல்மீது சந்தேகமா? ஆடாசிட்டியில் டிராக் பெயர் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராமை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) தேர்ந்தெடுங்கள். படம் 16,000 ஹெர்ட்ஸ் அளவில் கத்தரித்தாற்போல் நின்றால் அது பெரும்பாலும் பழைய 128 எம்பி3-இலிருந்து ஊதிப் பெருக்கியது.

ஒலி மங்காமல், உரத்த இடங்களில் மட்டும் கரகரப்பு வந்தால் அது கிளிப்பிங், அதாவது ஒலி உச்ச அளவைத் தாண்டி வெட்டுப்படுவது. எக்ஸ்போர்ட்டுக்கு முன் உச்ச ஒலியை அடக்கிவைக்கும் நார்மலைஸை -1 டெசிபலில் கொடுங்கள்.

பாட்டு இழுத்துக்கொண்டு ஓடினால்

48,000 சாம்பிள் ரேட்டில் பதிவானதை 44,100 என்று நினைத்து ஓட்டினால் 4 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 21 நொடி ஆகும், சுருதியும் இறங்கும். ஆடாசிட்டியின் டிராக் மெனுவில் ரேட்டைச் சரியாகக் கொடுத்தால் போதும்.

தமிழ்ப் பெயர்கள் சிதைந்தால்

இது நம் ஆட்களுக்கே உரிய தலைவலி, கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். அதே ஃபைல் போனில் ஒழுங்காகத் தெரிந்து, காரில் மட்டும் கட்டங்கள் வந்தால் முதலில் டேக் (ஃபைலுக்குள் பாட்டின் பெயர் முதலியவை எழுதிவைக்கும் பகுதி) வகையைப் பாருங்கள். பழைய ஐடி3வி1 டேகில் பெயருக்கு 30 பைட்தான் இடம். தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் என்று குறிக்கவும் அதில் வழியில்லை. யூனிகோடை எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 'தென்றல்' என்ற ஒரு சொல்லே 21 பைட் பிடிக்கிறது. பாட்டின் முதல் வரி எங்கே கொள்ளும்? புதிய ஐடி3வி2.4 டேகைப் படிக்கத் தெரியாத ஸ்டீரியோக்களும் உண்டு.

எம்பி3டேகில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், டேக்ஸ், எம்பெக் என்று போய், எழுதும் இடத்தில் ஐடி3வி2.3 யூடிஎஃப்-16 தேர்ந்தெடுங்கள். அங்கே ஐடி3வி1-இன் குறியை எடுத்துவிட்டு, எல்லாப் பாட்டுகளையும் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பிறகு அதே ஆப்ஷன்ஸில் நீக்கும் இடத்தில் ஐடி3வி1-ஐ மட்டும் குறியிட்டு, பாட்டுகளுக்கு ரிமூவ் டேக் கொடுங்கள். அப்படியும் கட்டம் வந்தால் அந்த ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வதே வழி.

போனிலும் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் யாரோ தட்டியது. யூனிகோட் மாற்றியில் போட்டு எடுத்து ஒட்டுங்கள்.

நேரம் தப்பாகக் காட்டினால்

4 நிமிடப் பாட்டு 11 நிமிடம் என்று காட்டினால், விபிஆர் (பிட்ரேட் இடத்துக்கு இடம் மாறும்) ஃபைலின் தலைப்பகுதித் தகவல் இல்லை அல்லது கெட்டிருக்கிறது. ஃபூபார்2000 என்ற பிளேயரில் பாட்டின்மேல் ரைட் கிளிக் செய்தால் யுடிலிட்டீஸில் ஃபிக்ஸ் விபிஆர் எம்பி3 ஹெடர் இருக்கும். அது ஒலியைத் தொடாமல் நேரத்தை மட்டும் திருத்தும், மறுபடி கன்வெர்ட் செய்யத் தேவையில்லை.