‘கெட்’ என்ற குட்டிச் சொல்லில் நாம் சறுக்கும் இடங்கள்

ஒரு திங்கட்கிழமை, காணொளிக் கூட்டம். என் தலையைப் பார்த்துவிட்டு, “ஆள் மாறிவிட்டீர்களே” என்றார் வெளிநாட்டுச் சக ஊழியர். ‘ஐ கட் மை ஹேர் எஸ்டர்டே’ என்றேன். அவருக்கு ஒரே வியப்பு. “நீங்களேவா? பின்பக்கம் எப்படி எட்டியது?” என்று கேட்டார். கத்தரிக்கோல் பிடித்தது நான் இல்லை என்று புரியவைப்பதற்குள் கூட்டத்துக்கு மற்றவர்களும் வந்துவிட்டார்கள்.

நான் சொல்லியிருக்க வேண்டியது, ‘ஐ காட் மை ஹேர் கட்’. ‘கெட்’டின் இறந்தகாலமான ‘காட்’டை நுழைத்து, ‘கட்’டைக் கடைசிக்குத் தள்ளினால் போதும். “முடி வெட்டினேன்”, “பல் பிடுங்கினேன்”, “பைக்கை சர்வீஸ் பண்ணினேன்” என்றெல்லாம் நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். யார் கையால் நடந்தது என்று தமிழில் யாரும் கேட்பதில்லை. ஆங்கிலம் கேட்கும். ‘ஐ புல்டு அவுட் மை டூத்’ என்றால் நீங்களே குறடு எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றதாகத்தான் பொருள். அடுத்தவரைக் கொண்டு செய்த வேலைக்கெல்லாம் ‘காட்’, பிறகு அந்தப் பொருளின் பெயர், அதன் பிறகு வினையின் மூன்றாம் வடிவம்: ‘ஐ காட் மை பைக் ரிப்பேர்டு’.

செய்தவரையும் குறிப்பிட வேண்டுமென்றால் ஒரு ‘டு’ வேண்டும்: ‘ஐ காட் ஹிம் டு ரிப்பேர் இட்’. இதே வேலையைச் செய்யும் ‘மேட்’, ‘ஹேட்’ (‘மேக்’, ‘ஹேவ்’ ஆகியவற்றின் இறந்தகாலம்) இரண்டுக்கும் அந்த ‘டு’ கூடாது. நம்மில் பலர் இதை அப்படியே தலைகீழாக்கி ‘மேட் ஹிம் டு’ என்றும் ‘காட் ஹிம் ரிப்பேர்’ என்றும் சொல்லிவிடுகிறோம். ‘காட் ஹிம் டு’வில் கொஞ்சம் கெஞ்சலும் வற்புறுத்தலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘மேட் ஹிம்’ என்றால் வேறு வழி விடாமல் செய்யவைத்தது.

‘கெட்’டுக்கு என்ன பொருள் என்று அகராதியைத் திறந்தால் மலைத்துப்போவோம். பெறு, வாங்கு, கொண்டுவா, ஆகு, போய்ச்சேர், புரிந்துகொள், பிடி என்று பட்டியல் நீளும். அதை மனப்பாடம் செய்வது வீண் என்பது என் எண்ணம். இந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ஒரு பொருளின் பெயர் வந்தால் கிடைப்பது அல்லது வாங்குவது, இடம் வந்தால் போய்ச்சேர்வது, ‘ஆங்ரி’, ‘டயர்டு’ போலத் தன்மை வந்தால் அப்படி ஆவது. நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை பின்னால் வரக்கூடாத ஒன்றை அங்கே கொண்டுவந்து வைப்பதால்தான்.

உதாரணத்துக்கு, ‘தி சிஸ்டம் காட் ஃபெயில்டு’. அலுவலக மின்னஞ்சல்களில் இதைப் பார்க்காத நாளில்லை. ‘தி லைசன்ஸ் காட் எக்ஸ்பயர்டு’, ‘ஆன் எர்ரர் காட் ஹேப்பண்டு’ எல்லாம் இதன் உடன்பிறப்புகள். இவை எங்கிருந்து முளைக்கின்றன என்று தெரிய வேண்டுமானால் நம் பேச்சைக் கவனித்தால் போதும். “ஃபெயில் ஆயிடுச்சு”, “எக்ஸ்பயர் ஆயிடுச்சு” என்கிறோம். ஆங்கில வினையைத் தமிழ் வாக்கியத்துக்குள் கொண்டுவர நமக்கு ஓர் ‘ஆயிடுச்சு’ தேவைப்படுகிறது. திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த ‘ஆயிடுச்சு’வையும் சுமந்துகொண்டு போய் ‘காட்’ என்று இறக்கிவைக்கிறோம். ஆனால் ‘ஃபெயில்’, ‘எக்ஸ்பயர்’, ‘ஹேப்பன்’ எல்லாம் தாமாகவே நிகழ்பவை. அவற்றுக்கு முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ‘தி சிஸ்டம் ஃபெயில்டு’, அவ்வளவுதான்.

அப்படியானால் ‘ஹி காட் காட்’ எப்படிச் சரி என்று கேட்கலாம். (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. முன்னது ‘கெட்’டின் இறந்தகாலம், பின்னது ‘கேட்ச்’சின் மூன்றாம் வடிவம்.) பிடித்தவர் வேறொருவர், இவர் மாட்டிக்கொண்டவர். நம்மிடமும் இதற்கு ஒரு சொல் உண்டு: படு. அடிபட்டான், அகப்பட்டான் என்கிறோமே, அந்தப் ‘படு’. வேறொருவரோ வேறொன்றோ செய்ததை இவர் அனுபவித்தார் என்ற இடத்தில்தான் ‘காட்’டுக்குப் பின் மூன்றாம் வடிவம் நிற்கும். ‘காட் ஹிட்’ சரி, ‘காட் ப்ரமோட்டட்’டும் சரி. இறந்ததைச் சொல்ல ‘காட் டைடு’ என்பது ஒருபோதும் சரியில்லை.

‘தி மீட்டிங் காட் ஓவர்’ தனி ரகம். நமக்குள் பேசும்போது உறுத்தாது. வெளியாருக்கு ‘கெட் ஓவர்’ என்றால் நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது. கூட்டத்துக்கு என்ன துக்கம் என்று அவர்கள் யோசிப்பார்கள். ‘தி மீட்டிங் இஸ் ஓவர்’ என்றால் தீர்ந்தது.

பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ செய்வதும் இப்படித்தான். இந்திய ஆங்கிலத்தில் ஊறிவிட்ட வழக்கு, அதைத் தவறு என்று அடித்துத் திருத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ அதைக் கேட்பவர் மனத்தில் மரத்திலிருந்து இறங்கும் குழந்தைதான் வரும். பஸ், ரயில், விமானம், சைக்கிள், குதிரை இவற்றுக்கெல்லாம் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. கார் போன்றவற்றுக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. நிமிர்ந்து நடந்து ஏறும் வண்டியும், கால் போட்டு மேலே உட்காரும் வண்டியும் ‘ஆன்’. குனிந்து உள்ளே நுழைவது ‘இன்’.

போய்ச்சேர்வதற்கு ‘கெட் டு தி ஸ்டேஷன்’ என்பதுபோல ‘டு’ வேண்டும். வீட்டுக்கும் அங்கேக்கும் இங்கேக்கும் வேண்டாம்: ‘கெட் ஹோம்’, ‘கெட் தேர்’, ‘கெட் ஹியர்’. இந்த ‘டு’வுக்குப் பின் வினை வந்தால் கதையே வேறு. ‘ஐ காட் டு மீட் ஹெர்’ என்றால் அவரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தது. ‘ஐவ் காட் டு மீட் ஹெர்’ என்றால் சந்தித்தே தீர வேண்டும். நடுவில் இருப்பது காதில் விழுந்தும் விழாத ஒரு ‘வ்’ ஒலி. அதை விட்டுவிட்டால் கடமை வாய்ப்பாகிவிடும்.

இனிக் காலம். தமிழில் “சம்பளம் முதல் தேதி கிடைக்கிறது” என்றால் மாதாமாதம் நடப்பது. “இப்போது கிடைக்கிறது” என்றாலும் அதே ‘கிறது’தான். அதனால் ‘ஐ ஆம் கெட்டிங் மை சேலரி ஆன் தி ஃபர்ஸ்ட்’ என்று வழக்கத்தையும் தொடர்வினையில் சொல்லிவிடுகிறோம். வழக்கமாக நடப்பதற்கு ‘ஐ கெட்’ போதும். ‘ஐ ஆம் கெட்டிங் ஃபீவர்’ என்பதும் இதே கோளாறு. காய்ச்சல் ஏற்கெனவே அடிக்கிறதென்றால் ‘ஐவ் காட் எ ஃபீவர்’.

இத்தனை சிக்கலையும் பார்த்துவிட்டுச் சில ஆசிரியர்கள் ‘கெட்’டையே தடை செய்துவிடுவார்கள். விண்ணப்பத்திலும் ஆய்வுக் கட்டுரையிலும் ‘ரிசீவ்’, ‘அப்டெயின்’, ‘பிகம்’ பொருத்தம்தான், மறுக்கவில்லை. பேச்சில் அப்படிச் செய்தால் வேடிக்கையாகிவிடும். சளி பிடித்ததை ‘ஐ ரிசீவ்டு எ கோல்டு’ என்றால், யாரோ அதைப் பொட்டலம் கட்டி அனுப்பியதுபோல் இருக்கும். ‘கெட்’ ஒன்றும் கொச்சைச் சொல் இல்லை. பழைய நார்ஸ் மொழியின் ‘கெட்டா’விலிருந்து இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்து, எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே குடியிருக்கும் சொல். மறப்பதைக் குறிக்கும் ‘ஃபர்கெட்’டுக்கும் இதற்கும் வேர் ஒன்றே.

‘காட்டன்’ என்று கேட்டால் பருத்தி என்றோ பிழை என்றோ நினைக்க வேண்டாம், ‘கெட்’டின் மூன்றாம் வடிவத்துக்கு அது அமெரிக்க வழக்கு. அங்கே ‘ஐவ் காட் எ கார்’ என்றால் கார் இருக்கிறது, ‘ஐவ் காட்டன் எ கார்’ என்றால் வாங்கிவிட்டேன். இந்த நுட்பத்தைப் பிரிட்டன்காரர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள்.

பேசும்போது செய்யும் தவறாவது பரவாயில்லை, கேட்கும்போதும் ஏமாற வாய்ப்புண்டு. கதவு மணி அடிக்கும்போது ‘கேன் யூ கெட் தி டோர்?’ என்று யாராவது சொன்னால் கதவைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லவில்லை, போய்த் திறக்கச் சொல்கிறார்கள். ‘கெட் தி ஃபோன்’ என்றாலும் வாங்கி வருவதற்கல்ல, எடுத்துப் பேசுவதற்கு. ஆனால் ‘ஐல் கெட் யூ’ என்று முறைத்தபடி ஒருவர் சொன்னால், எதையோ வாங்கித் தரப்போகிறார் என்று அங்கேயே நிற்காதீர்கள்.