மினியேச்சர் பெயின்டிங்: மதுரை வெயில்ல பண்ணக்கூடாத தப்புகள்

அக்னி நட்சத்திரம் நடக்குறப்ப மத்தியானம் ரெண்டு மணிக்கு மொட்டை மாடில நின்னு அஞ்சு மினிக்கு, அதாவது மேசைல வச்சு ஆடுற விளையாட்டுக்கான குட்டி பொம்மைக்கு, ப்ரைமர்ங்கிற அடிப்பூச்சை ஸ்ப்ரே அடிச்ச ஆளு நான். வெயில்ல சட்டுனு காஞ்சிரும்ல, நல்லதுதானேன்னு ஒரு நெனப்பு. காஞ்சுச்சு, ஆனா மினி மேல விழுந்து காயல, காத்துலயே காஞ்சு தூளாகித்தான் மேல விழுந்துச்சு, தொட்டுப் பாத்தா ரவை தூவுன மாதிரி சொரசொரன்னு இருக்கு, மூஞ்சி எது ஹெல்மெட் எதுன்னு தெரியல.

இந்த ஹாபில நாம பாத்துப் படிச்சு கத்துக்கிறதுல முக்காவாசி குளிர் ஊர்க்காரங்க சொல்றது. வார்ஹாமர்ங்கிற மினி விளையாட்டைப் பண்ற கேம்ஸ் வொர்க்ஷாப் கம்பெனி இருக்கிறதே இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்ல. அங்க பெயின்ட் எப்படா காயும்னு உக்காந்திருப்பாய்ங்க, இங்க நாம அய்யய்யோ காஞ்சிரக்கூடாதேன்னு உக்காந்திருக்கோம். அதனால அவங்க சொல்றதை அப்படியே பண்ணாலே இங்க பாதி தப்பாயிரும்.

ப்ரைமரை முதல்ல முடிச்சிருவோம். காலைல ஆறு ஆறரைக்கு அடிங்க, காத்து இல்லாத நாளா பாத்து, 20ல இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி நின்னு, டின்னை நல்லா ஒரு ரெண்டு நிமிஷம் குலுக்கிட்டு, ஒரே இடத்துல நிக்காம வீசிக்கிட்டே போகணும். ஒரே வாட்டில மூடணும்னு அழுத்தி அடிச்சா குழிகுழியா இருக்கிற டீட்டெயில் எல்லாம் ரொம்பிரும். லேசா ரெண்டு கோட் போதும். டின்னை வெயில்ல வச்சுட்டு மட்டும் போயிராதீங்க, அது வெடிக்கிற சாமான். ஐப்பசி கார்த்திகை மழைல கதையே வேற, அப்ப காத்துல ஈரம் இருக்கும், கடைசியா அடிக்கிற பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடிச்சா பனி படர்ந்த மாதிரி வெள்ளையா பூத்துரும். அப்படி ஆனா தூக்கிப் போட்டுறாதீங்க, காஞ்ச நாள்ல பிரஷ்ஷால ஒரு கோட் பளபளக்குற க்ளாஸ் வார்னிஷ் பூசிப் பாருங்க, நெறைய நேரம் தெளிஞ்சிரும்.

ப்ரைமரே எதுக்குன்னு கேக்கிறவங்களும் இருக்காங்க. நம்ம விளாச்சேரில கொலு பொம்மை செய்றவங்களைப் பாருங்க, வெள்ளை அடிச்சுட்டுத்தான் கலருக்கே போவாங்க, அதே கணக்குத்தான். ரெசின் மினியா இருந்தா ப்ரைமருக்கு முன்னாடி பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவிருங்க, அச்சுல இருந்து வர்ற எண்ணெய்ப் பிசுக்கு மேல பெயின்ட் ஒட்டாது. அச்சுக் கோட்டையும் கத்தி முதுகால சுரண்டி எடுத்துருங்க, ப்ளாஸ்டிக்ல கண்ணுக்கே தெரியாத கோடு பெயின்ட் அடிச்சதும் எடுப்பா தெரியும்.

அடுத்தது எல்லாரும் பண்ற தப்பு, பாட்டில்ல இருந்து எடுத்து நேரா பூசுறது. பாலாடை மாதிரி இருக்கணும்னு சொல்வாங்க, நான் சொல்றது தண்ணி கலந்து பால் பதம். ரெண்டு மெல்லிசு கோட், தேவைன்னா மூணாவது. ஆனா இங்க ஃபேனுக்கு அடில உக்காந்தா தட்டுல விட்ட சொட்டு அஞ்சு நிமிஷத்துல தோலு கட்டிரும், நாமளும் அதை விட மனசில்லாம மேல பூசிட்டு, திட்டுத் திட்டா இருக்கேன்னு பெயின்ட்டைத் திட்டுவோம். இதுக்கு வெட் பேலட், அதாவது பெயின்ட் காயாம வச்சுக்கிற ஈரத் தட்டு, இல்லாம மதுரைல முடியாது. விலைக்கு வாங்க வேணாம், மூடி இறுக்கமா இருக்கிற ஒரு டிபன் பாக்ஸ், உள்ள ஈரமான ஸ்பாஞ்ச், அதுக்கு மேல தண்ணி கசியிற மாதிரி பட்டர் பேப்பர், மெழுகு பூசின பேப்பர் ஆகாது. மூடி வச்சா மறுநாள் வரைக்கும் பெயின்ட் அப்படியே இருக்கும். மெட்டாலிக் கலரை மட்டும் அதுல விடாதீங்க, மினுமினுப்பு தண்ணில பரவி பக்கத்து கலரெல்லாம் ஜிகினா ஆயிரும்.

தண்ணினு சொன்னதும் ஞாபகம் வருது, எங்க ஏரியா போர் தண்ணி பக்கெட்லயே வெள்ளையா படியும். அதைக் கலந்து வாஷ், அதாவது பள்ளத்துல ஓடி நிழல் காட்டுற தண்ணியான கலர், போட்டு, காஞ்சதும் கருப்பு கவசத்துல சாம்பல் பூத்த மாதிரி இருந்ததைப் பாத்துட்டு வாஷ் பாட்டில்தான் கெட்டுப்போச்சுன்னு ஒரு மாசம் நெனச்சுக்கிட்டு இருந்தேன். கேன் தண்ணி ஊத்துங்க. வாஷ் போட்டதும் ஃபேனை நிறுத்துங்க, பள்ளத்துல குட்டை கட்டினா ஈரமா இருக்கிறப்பவே சுத்தமான பிரஷ்ஷால உறிஞ்சி எடுங்க. பாதி காஞ்சதைத் தொட்டீங்கன்னா டீ கிளாஸ் வச்ச தடம் மாதிரி வட்டம் விழும்.

பிரஷ்ல ஒரு பெரிய ஏமாத்து இருக்கு. மினி சின்னது, அதனால பிரஷ்ஷும் சின்னதா வேணும்னு மூணு சைபர், அஞ்சு சைபர்னு தேடி வாங்குவோம். அது புடிக்கிற துளி பெயின்ட் தட்டுல இருந்து மூஞ்சிக்குப் போறதுக்குள்ள இந்தச் சூட்டுல காஞ்சிரும். நுனி கூரா இருக்கிற ஒண்ணாம் நம்பர் போதும், வயித்துல கொஞ்சம் பெயின்ட் புடிச்சு வச்சுக்கும். தகரக் குழாய் வரைக்கும் பெயின்ட்ல முக்காதீங்க, தண்ணி டம்ளர்ல தலைகீழா நிக்க வைக்காதீங்க, நுனிய நாக்குல வச்சு கூராக்காதீங்க. அந்த டம்ளரையும் டீ டம்ளரையும் பக்கத்து பக்கத்துல வைக்காதீங்க, ஏன்னு என் வாயால சொல்ல மாட்டேன்.

கண்ணு. நம்ம ஊர்ல சிலைக்கு கண் திறக்கிறது கடைசி வேலை, அதே பழக்கத்துல மினிக்கும் கடைசியா வச்சா, கை நடுங்குன ஒரு புள்ளில அழகா முடிச்ச மூஞ்சியே போயிரும். இங்க கண்ணை முதல்ல போட்டுருங்க, பிசிறு வந்தா சுத்தி தோல் கலரை வச்சு மறைச்சுக்கலாம்.

இன்னொண்ணு, இதை நான் ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். எல்லாத்தையும் மூக்குக்கு ஒட்ட புடிச்சுப் பாத்துப் பெயின்ட் பண்ணிட்டு, மேசைல வச்சா மொத்தமா மண்ணாங்கட்டி மாதிரி தெரியும். ஒருநாள் தெற்குச் சித்திரை வீதில நின்னு தெற்குக் கோபுரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன், கிட்டத்தட்ட 170 அடி, அம்புட்டு உசரத்துல இருக்கிற சுதைச் சிலைக்கும் முழி தெரியுது, மீசை தெரியுது. கிட்டப் போய்ப் பாத்தா முரட்டுத்தனமாத்தான் இருக்கும், ஆனா கீழ நிக்கிற ஆளுக்காகப் பூசினது அது. 28 மில்லிமீட்டர் மினியும் மூணு அடி தள்ளி உக்காந்து ஆடுறவன் பாக்கிறதுக்குத்தான். பள்ளத்தைக் கூசாம கருப்பாக்குங்க, விளிம்பை இன்னும் வெளுப்பாக்குங்க, கைய நீட்டிப் புடிச்சு அடிக்கடி பாருங்க. மஞ்ச பல்பை கழட்டிட்டு வெள்ளை எல்இடி மாட்டுங்க.

அந்த ரவை மினி அஞ்சும் என்னாச்சுன்னா, ப்ரைமரை எடுக்கணும்னு ஹார்டுவேர் கடைல தின்னர் வாங்கிட்டு வந்து ரெண்டை முக்கினேன். ப்ளாஸ்டிக் மினிய தின்னர்லயோ நெயில் பாலிஷ் ரிமூவர்லயோ முக்கவே முக்காதீங்க, பெயின்ட்டோட சேத்து மினியும் கரையும். மிச்சம் மூணை மெடிக்கல் ஷாப்ல வாங்குன ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல ஒரு ராத்திரி ஊறப் போட்டு, அடுப்படிப் பக்கமே கொண்டு போகாம, டூத் பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துட்டேன். கரைஞ்ச ரெண்டையும் பழுப்பு அடிச்சு ட்ரோல்னு ஒரு பெரிய பூதம் மினி இருக்கு, அதோட அடித்தட்டுல ஒட்டியாச்சு, மிதிபட்ட பொணமா கிடக்குது, ஆட வர்ற பயலுகல்லாம் அதைத்தான் எடுத்து எடுத்துப் பாக்குறாய்ங்க.