நன்னீர் மீன் தொட்டியில் கற்குகை கட்டிச் செடி வளர்க்கும் முறை

நான் கட்டிய முதல் கற்குகை தண்ணீருக்குள் நின்றது மூன்று மணி நேரம்தான். சிலேட் கற்கள் நான்கைச் சிலிகான் பசையால் ஒட்டி, இரண்டு நாள் காயவைத்து, தொட்டியில் இறக்கிவிட்டு, மீன்கள் எப்போது உள்ளே நுழையும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, மேற்கல் மெல்ல வழுக்கி மணலில் சாய்ந்தது. வெளியே எடுத்துப் பார்த்தேன். பசையின் ஓரம் ரப்பர்போல இறுகியிருந்தது. நடுப்பகுதியோ பற்பசையைப் போலக் கொழகொழவென்று, வினிகர் நெடியோடு அப்படியே இருந்தது. மீன்கள் மறுமூலையில் ஒதுங்கியிருந்ததால் அடிபடவில்லை. அன்று பாதித் தண்ணீரை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் குகையை மறுபடி கட்டி நிறுத்திய முறையையே இங்கு எழுதுகிறேன். வடிகட்டி பொருத்துவது, குளோரினை நீக்குவது, புதுத் தொட்டியில் நுண்ணுயிர்கள் பெருகும்வரை சில வாரங்கள் காத்திருப்பது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கல்லைத் தேர்ந்தெடுத்தல்

சிலேட், கருங்கல், குவார்ட்சைட், எரிமலைக் கல் ஆகியவை தண்ணீரில் கரைந்து அதன் தன்மையை மாற்றுவதில்லை. சுண்ணாம்புக்கல், சலவைக்கல், பவளக்கல் ஆகியவை சிறுகச் சிறுகக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் உயர்த்தும். மலாவி, டாங்கனிக்கா ஏரிகளின் சிக்லிட் மீன்களுக்கு அத்தகைய நீர்தான் உகந்தது என்றாலும், டெட்ரா போன்ற மென்னீர் மீன்களை வளர்ப்பவர்கள் இந்தக் கற்களைத் தவிர்ப்பதே நல்லது.

கல்லின் மீது சில சொட்டு வினிகர் விட்டு, நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல் என்று முடிவு செய்வது வழக்கம். ஆனால் வினிகர் வீரியம் குறைந்த அமிலம். சுண்ணாம்புக்கல்லுக்கு நெருங்கிய இனமான டோலமைட் போன்ற கல்லின் மேற்பரப்பில் அதன் வினை கண்ணுக்குத் தெரியாமலே போய்விடலாம். ஆகவே ஆணியால் கல்லைச் சுரண்டி, உதிரும் தூளின் மேல் வினிகரை விட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஐயம் இருந்தால் கல்லை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து, முதல் நாளும் கடைசி நாளும் நீரின் கடினத்தன்மையை அளந்து ஒப்பிடுங்கள். என்னைக் கேட்டால் இந்த வாளிச் சோதனை ஒன்றே போதும். துருப்பிடித்தாற்போன்ற கோடுகளோ உலோகம்போல மின்னும் புள்ளிகளோ உள்ள கற்களை நான் எடுப்பதில்லை.

தேர்ந்தெடுத்த கற்களைச் சோப்பு இல்லாமல் கெட்டியான தூரிகையால் தேய்த்துக் கழுவி, வெந்நீரை ஊற்றி அலசினால் போதும். கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட வேண்டாம். உள்ளே சிக்கியிருக்கும் ஈரம் ஆவியாகி, கல் வெடித்துச் சிதறக்கூடும்.

பசை இல்லாமல் முதலில் அடுக்குங்கள்

ஒரு மேசையின் மீது கற்களை அடுக்கி, பசை ஏதும் இன்றித் தானாகவே நிற்கும் வடிவத்தைக் கண்டுபிடியுங்கள். பசை என்பது ஏற்கெனவே நிற்கும் குகையை நகராமல் பிடித்துவைப்பதற்குத்தான். நிற்காத குகையைத் தூக்கி நிறுத்துவதற்கு அன்று. அகலமான கற்கள் அடியிலும் தட்டையான கல் கூரையாகவும் அமையட்டும். குகைக்கு இரண்டு வாயில்கள் கட்டாயம் வேண்டும். ஒரே வாயில் இருந்தால் நீரோட்டம் உள்ளே செல்லாமல் கழிவு தேங்குவதோடு, வலுவான மீன் வாயிலை மறித்துக்கொண்டால் உள்ளே இருக்கும் மீனுக்குத் தப்பிக்க வழியும் இராது. வாயில் ஒவ்வொன்றும் உங்கள் மீன் முழுதாக வளர்ந்த பின்னும் தாராளமாக நுழையும் அளவிலோ, தலையே நுழையாத அளவிலோ இருக்க வேண்டும்; இரண்டுக்கும் இடைப்பட்ட இடுக்கில்தான் மீன்கள் சிக்கிக்கொள்கின்றன.

ஒட்டுதல்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத, முழுக்கச் சிலிகானால் ஆன பசையை மட்டுமே வாங்குங்கள். குளியலறைக்கென்று விற்கப்படும் பசைகள் பலவற்றில் அந்த மருந்து கலந்திருக்கும். வினிகர் நெடி வீசும் வகை, காற்றில் உள்ள ஈரப்பதத்தை உறிஞ்சியே இறுகுகிறது. அதனால் எப்போதும் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கியே காயும். ஒரு நாளில் 2 முதல் 3 மி.மீ. ஆழம்வரைதான் இறுகும். நானோ இரண்டு தட்டைக் கற்களுக்கு நடுவே, ரொட்டியில் வெண்ணெய் தடவுவதுபோல, பசையை முழுப்பரப்பிலும் பூசியிருந்தேன். காற்று படாத நடுப்பகுதி இரண்டு நாளில் எப்படிக் காயும்?

ஆகவே முழுப்பரப்பில் பூசாதீர்கள். கற்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் சுண்டைக்காய் அளவில் தனித்தனிப் பொட்டுகளாக வைத்து, பொட்டுகளுக்கு நடுவே காற்று புகுவதற்கு இடைவெளி விடுங்கள். கற்களில் தூசியோ ஈரமோ துளியும் இருக்கக்கூடாது. கழுவிய கல் மேலே காய்ந்ததுபோலத் தோன்றினாலும் அதன் நுண்துளைகளில் நீர் இருக்கும் என்பதால், முழுதாக ஒரு நாள் வெயிலில் வைத்த பிறகே நான் ஒட்டுகிறேன். ஒட்டியபின் ஒரு வாரம் தொடாமல் விட்டுவிடுங்கள். நாட்களை எண்ணுவதைவிட மூக்கை நம்பலாம்: பசையருகே முகர்ந்து பார்த்து, வினிகர் நெடி அறவே இல்லாவிட்டால்தான் அது காய்ந்ததாகப் பொருள். அதன்பிறகும் ஒரு நாள் வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டே தொட்டிக்குக் கொண்டுபோகிறேன்.

தொட்டிக்குள் வைத்தல்

குகையை மணலின் மீது வைக்காதீர்கள். சிக்லிட், லோச் போன்ற மீன்கள் மணலைத் தோண்டும் பழக்கம் உடையவை. அடியில் குழி விழுந்தால் குகை முழுவதும் சாய்ந்து கண்ணாடியில் மோதும். முதலில் குகை அமையும் இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் வலைத்தட்டு ஒன்றை விரித்து, அதன் மீது குகையை வைத்து, கடைசியில் சுற்றிலும் மணலைப் பரப்புங்கள். கல்லின் கூரிய முனை கண்ணாடியின் ஒரே புள்ளியில் அழுந்தாமல், எடை பரவலாக இறங்குவதற்கே அந்தத் தட்டு.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். 10 கிலோ கருங்கல் ஏறத்தாழ 3.7 லிட்டர் நீரின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. சிறு தொட்டிகளில் மீன்களுக்கு மருந்து கொடுக்கும்போது இதைக் கழித்துக்கொள்ளாவிட்டால் அளவு மிஞ்சிவிடும்.

செடிகள்

குகையோடு சேர்த்து வளர்க்க அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகிய இரண்டையும்தான் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்குப் பரிந்துரைப்பேன். இரண்டுக்கும் குறைந்த வெளிச்சமே போதும். தனியாகக் கார்பன் டை ஆக்சைடு செலுத்தத் தேவையில்லை. தடித்த இலைகளைப் பெரும்பாலான மீன்கள் கடிப்பதில்லை. இவற்றின் வேர்கள் தொங்கும் பச்சை நிறக் கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அது அழுகி, இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். எனவே இவற்றைக் கல்லின் மீது பொருத்த வேண்டும். நூலால் கட்டுவது பழைய முறை. நான் விரும்புவது சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ) ஜெல் பசை. கல்லின் ஈரத்தைத் துடைத்து, கிடைத்தண்டின் அடிப்புறத்தில் இரண்டே பொட்டு வைத்து, அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் பட்டதும் பசை வெள்ளையாகத் தெரியும். அதனால் தீங்கில்லை, வேர்கள் படர்ந்ததும் மறைந்துவிடும். நீர்மப் பசை செடி முழுவதும் வழிந்துவிடுகிறது, அதை வாங்காதீர்கள்.

ஜாவா மாஸைக் கூரையின் சொரசொரப்பான பகுதியில் மெல்லிய படலமாகப் பரப்பிப் பருத்தி நூலால் சுற்றுங்கள். அடர்த்தியாக வைத்தால் அடியிலுள்ளது அழுகிவிடும். குகையின் பின்னால் வாலிஸ்நேரியாவையும் முன்னால் கிரிப்டோகோரைனையும் மணலில் நடலாம். இவை வேர்வழியாக உண்பவை என்பதால், வெறும் மணலாக இருந்தால் வேரருகே உர மாத்திரை புதைக்க வேண்டும். விளக்கை முதல் சில வாரங்களுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள். அனுபியாஸ் மெதுவாக வளர்வதால், வெளிச்சம் மிகுந்தால் அதன் இலைமீது பாசி படிந்துவிடும். குகைவாயிலின் நிழலே அதற்குச் சரியான இடம்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துச் செய்துபார்த்த சிலர் இரண்டு ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் சேர்க்கிறேன். கிரிப்டோகோரைனின் இலைகள் நட்ட சில நாளிலேயே கண்ணாடிபோல ஆகிக் கரைந்துவிட்டன என்று பலர் செடியைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். நீர் மாறியதால் ஏற்படும் அதிர்ச்சி அது. அழுகிய இலைகளை மட்டும் நீக்கிவிட்டு வேரை அசைக்காமல் விட்டால், சில வாரங்களில் புதுக் குருத்து வரும்.

ஜாவா ஃபெர்ன் இலையின் அடிப்புறத்தில் வரிசையாகத் தோன்றும் பழுப்புப் புள்ளிகள் நோயின் அறிகுறி அல்ல. அவை வித்துத்துகள் உருவாகும் இடங்கள். முதிர்ந்த இலையின் விளிம்பிலோ நுனியிலோ மயிரிழை போன்ற கருவேர்களோடு குட்டிச் செடியும் முளைப்பதுண்டு. அது மூன்று நான்கு இலை விட்டபின் மெல்லக் கிள்ளியெடுத்து, குகையின் அடுத்த கல்லில் ஒட்டிக்கொள்ளலாம்.